ஜோத்பூர் பாறைப் பூங்கா நடை: ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். சென்ற வாரக் கூட்டத்தில் ஓர் அப்பா எழுந்து கேட்டார்: "ராமநாதபுரத்தில் இல்லாத முள்ளா? அதைப் பார்க்க ராஜஸ்தான் வரைக்கும் பிள்ளையை அனுப்ப வேண்டுமா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துச் சமாளித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது நல்ல கேள்வி, பதில் சொல்லாமல் வந்துவிட்டேனே என்று உறுத்தியது.

ஜனவரிச் சுற்றுலாவில் ஜோத்பூரின் மெஹ்ரான்கர் கோட்டையைப் பற்றி யாருக்கும் குறை இல்லை. குறையெல்லாம் மறுநாள் காலை நடையைப் பற்றித்தான். கோட்டையை ஒட்டி ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்கா என்று 72 ஹெக்டேர் நிலம் இருக்கிறது. அதற்குள் வண்ணக் குறியிட்ட சிறு நடைபாதைகள் உண்டு. நம் பிள்ளைகள் அவற்றில் ஒன்றில், நின்று நின்று பார்த்தபடி, ஒரு மணி நேரம் போல நடப்பார்கள். மணல்மேடும் ஒட்டகமும் கனவு காண்பவர்களிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்: அங்கே இருப்பது பாறை. சுமார் 75 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலை கக்கியது இறுகி உருவான ரயோலைட் பாறை.

இனி முள்ளுக்கு வருகிறேன். நம் கண்மாய்களை அடைத்துக்கொண்டிருக்கும் அதே சீமைக் கருவேலம் அந்தப் பாறைகளையும் மூடிக் கிடந்தது. 1930களில் ஜோத்பூர் மகாராஜா விமானத்திலிருந்து அதன் விதையைத் தூவியதாகச் சொல்வார்கள். அந்த ஊரில் அதற்குப் 'பாவ்லியா' என்று பெயர். பைத்தியம் பிடித்தது என்று பொருள். நம்மவர்கள் இவ்வளவு பொருத்தமாகப் பெயர் வைக்கவில்லை. 2006இல் அதை அகற்றத் தொடங்கினார்கள். மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேரோ பாறை இடுக்கில். கடைசியில் கைகொடுத்தவர்கள் மணற்கல் வெட்டும் பரம்பரைத் தொழிலாளர்கள். சுத்தியலால் பாறையைத் தட்டி, எழும் ஓசையைக் கேட்டே விரிசல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்லிவிடுவார்களாம். உளியால் குடைந்து வேரோடு எடுத்தார்கள். அந்தக் குழிகளில் மண் நிரப்பி, பாறையில் வாழத் தெரிந்த அந்த மண்ணின் செடிகளை நட்டார்கள். 2011இல் பூங்கா திறக்கப்பட்டது. இன்று அங்கே கள்ளியும் எருக்கும் செழித்து நிற்கின்றன. நாம் குப்பைமேட்டில் பார்த்து முகம் திருப்பும் எருக்கை அங்கே பெயர் சொல்லிக் காட்டுவார்கள்.

சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிள்ளையைப் படிக்கவைக்கும் பெற்றோரும் இதைப் படிப்பீர்கள். அந்த மரம் உங்கள் வீட்டில் அடுப்பெரியச் செய்கிறது. அதைத் திட்டுவதற்காக இந்த நடை இல்லை. கண்மாய்க்குள் வேண்டுமா, தரிசில் மட்டும் இருந்தால் போதுமா என்று நாளை பேசப்போகிறவர்கள் இந்தப் பிள்ளைகள்தாம். ஒரு முறை வேறோர் ஊர் என்ன செய்தது என்று கண்ணால் பார்த்துவிட்டுப் பேசட்டும் என்பதுதான் என் எண்ணம்.

பூங்காவில் பாறையை வெட்டி அமைத்த பழைய கால்வாய் ஒன்றும் இருக்கிறது. பெய்கிற கொஞ்ச மழையையும் கோட்டையடிக் குளத்துக்குக் கொண்டுசேர்க்க வெட்டியது. தூர்ந்துபோன நம் வரத்துக்கால்களைத் தெரிந்த பிள்ளைகளுக்கு அதை விளக்க வேண்டியிருக்காது.

பாலைவனம் என்றால் வெயில் என்று நினைத்துச் சட்டை மட்டும் கொடுத்தனுப்பாதீர்கள். ஜனவரியில் காலைக் குளிர் நம் பிள்ளைகள் அறியாதது. ஸ்வெட்டர் அவசியம், வெயில் ஏறியதும் தொப்பி. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை அவரவரே சுமக்க வேண்டும். செருப்பில் வருபவர் பூங்கா வாசலிலேயே ஓர் ஆசிரியருடன் உட்கார்ந்திருப்பார். இதில் சலுகை கிடையாது. இதற்காகப் புது ஷூ வாங்க வேண்டாம், காலைக் கடித்துவிடும். விளையாட்டு வகுப்புக்குப் போடுகிற பழைய ஷூ போதும். மூச்சிரைப்பு, வலிப்பு உள்ள பிள்ளைகளின் மருந்துச் சீட்டை என்னிடம் நேரில் கொடுங்கள்.

ஒப்புதல் படிவம் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் வர வேண்டும். ஞாயிறு காலை ஆறரை மணிக்குக் கண்மாய்க் கரையில் ஒத்திகை நடை. பெற்றோரும் வரலாம், கூட்டத்தில் கேள்வி கேட்ட அப்பாவை அவசியம் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்