கையெழுத்துப் போட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகாது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில், ஸ்பீடிங் டிக்கெட் (வேகமாக ஓட்டியதற்குப் போலீஸ் தரும் அபராதச் சீட்டு) வாங்கிய வாசகர் ஒருவருக்கு "பேசாமல் பணத்தைக் கட்டிவிட்டு டிராஃபிக் ஸ்கூலை (சாலை விதி வகுப்பை) முடித்துவிடுங்கள்" என்று பதில் தந்திருந்தீர்கள். பலருக்கு அது சரியான பதில்தான். ஆனால் கலிபோர்னியாவில் இருக்கும் நம்மவர்களுக்கு அது மட்டும் போதாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போன வருடம் ஒரு சாயங்காலம், மகளைப் பாட்டு வகுப்பில் விட்டுவிட்டு வரும் வழியில் எனக்கு டிக்கெட் கிடைத்தது. பக்கத்துக்கு மூன்று லேன் உள்ள அகலமான சாலை. லிமிட் மணிக்கு 40 மைல். ராடாரில் 52 காட்டியது என்றார் போலீஸ்காரர். கையெழுத்துப் போடச் சொன்னபோது என் கை நடுங்கியது. போட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்று பயந்தேன். உண்மையில் அந்தக் கையெழுத்து, குறிப்பிட்ட தேதிக்குள் கோர்ட்டுக்குப் பதில் சொல்கிறேன் என்ற உறுதிமொழி மட்டும்தான். இங்கே பதினைந்து வருடம் வண்டி ஓட்டியும் எனக்கு இது தெரிந்திருக்கவில்லை.

அப்புறம் கோர்ட்டிலிருந்து தபால் வந்தது. லிமிட்டுக்கு மேல் 15 மைல் வரை போனால் சட்டப்படி அடிப்படை அபராதம் 35 டாலர்தான். ஆனால் அதில் ஒவ்வொரு 10 டாலருக்கும் மாநிலத்துக்கு 10, கவுண்டிக்கு (மாவட்டத்துக்கு) 7, கோர்ட் கட்டடத்துக்கு இவ்வளவு, அதற்கு மேல் சர்சார்ஜ், கோர்ட் கட்டணம் என்று ஏறி ஏறி 230 டாலரைத் தாண்டிவிடுகிறது. இது போக லைசென்ஸில் விதிமீறலுக்கான குறியாக ஒரு பாயின்ட், இன்ஷூரன்ஸில் அதன் விளைவு. சான் பிரான்சிஸ்கோவில் 2025-ல் வேகக் கேமராக்கள் வந்திருக்கின்றன. 11 முதல் 15 மைல் வரை கூடுதலாகப் போனால் அங்கே 50 டாலர், பாயின்ட்டும் கிடையாது. அதே வேகத்துக்குப் போலீஸ்காரர் கையால் டிக்கெட் வாங்கினால் நாலு மடங்குக்கும் மேல். இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில், "கிரீன் கார்டு வேலை நடக்கிற நேரம், கோர்ட் பக்கமே போகாதே" என்றார்கள். நம்மவர்களிடம் இருக்கும் இந்தப் பயம்தான் எனக்கு வருத்தம் தருகிறது. இந்த மாதிரி டிக்கெட் இங்கே 'இன்ஃப்ராக்ஷன்' (சிறு விதிமீறல்) என்ற வகையில் வருகிறது. அதற்குச் சிறைத் தண்டனை கிடையாது. "நான் ஒப்புக்கொள்ளவில்லை, விசாரியுங்கள்" என்று கேட்பது சட்டம் கொடுத்திருக்கும் வழி. அதில் மறைக்கவோ வெட்கப்படவோ எதுவும் இல்லை.

வேகமாக ஓட்டுவதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. பள்ளிக்கூடம் பக்கம் ஒருவர் 40-ல் போனால் அவருக்கு டிக்கெட் கொடுக்கத்தான் வேண்டும். என் கேள்வி வேறு. ஒரு நகரச் சாலையில் 40 என்று பலகை வைத்து ராடாரில் பிடிப்பதென்றால், அந்த 40 எப்படி வந்தது என்பதற்குப் போக்குவரத்து சர்வே ஒன்று இருக்க வேண்டும். நூற்றுக்கு 85 பேர் அங்கே எந்த வேகத்துக்குள் போகிறார்கள் என்று அளந்து பார்ப்பதுதான் அதன் முக்கிய வேலை. பொதுவாக அந்த சர்வே 5 வருடத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். போலீஸ்காரர் ராடார் பயிற்சி பெற்று, கருவியும் முறையாகச் சரிபார்க்கப்பட்டிருந்தால் 7 வருடம். சாலையில் பெரிய மாற்றம் இல்லை என்று எஞ்சினியர் உறுதி சொன்னால் 14 வரை நீளும். இல்லாவிட்டால் அதைச் சட்டம் 'ஸ்பீட் ட்ராப்' (வேகப் பொறி) என்கிறது, அந்த ராடார் சாட்சியம் செல்லாது. பள்ளிப் பகுதிக்கும் சிறிய உள்தெருக்களுக்கும் இந்த விதி பொருந்தாது. சர்வே பொது ஆவணம். நகர அலுவலகத்தில் கேட்டேன், மின்னஞ்சலில் வந்தது. ஒன்பது வருடப் பழசு. எஞ்சினியர் நீட்டித்ததற்கான தாள் எதுவும் அதோடு இல்லை.

கோர்ட்டுக்குப் போகாமலேயே எழுத்து மூலம் விசாரணை கேட்கலாம். அதற்கு டி.ஆர்-205 என்ற படிவம் இருக்கிறது. முழுத்தொகையையும் முன்பணமாகக் கட்டிவிட்டு நம் தரப்பை எழுதி அனுப்ப வேண்டும், போலீஸ்காரரும் தன் தரப்பை எழுதுவார். ஜெயித்தால் பணம் திரும்பி வரும். நான் சர்வேயை இணைத்து இரண்டு பக்கம் எழுதினேன், தோற்றேன். தீர்ப்பில் காரணம் ஒரு வரிகூட இல்லை. ஆனால் அதோடு முடிவதில்லை. தீர்ப்பு அனுப்பப்பட்ட தேதியிலிருந்து 20 நாளுக்குள் கேட்டால், முதலிலிருந்து நேரில் புது விசாரணை உண்டு. கேட்டேன்.

அன்று கோர்ட்டில் எனக்கு முன்னால் அழைக்கப்பட்டவர்களில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர். வெளியே ஃபோனில் தமிழ் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டிருந்தேன். நீதிபதி பொறுமையாகத்தான் கேட்டார். அந்தப் பெரியவர் ஒவ்வொரு கேள்விக்கும் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டினார். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்பதற்கும் அதே யெஸ்தான். ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. என் வழக்கில் போலீஸ்காரர் வரவில்லை, அதனால் தள்ளுபடி. சர்வே பற்றிய பேச்சே எழவில்லை.

வெளியே வந்ததும் அந்தப் பெரியவர் என்னிடம், "என்னம்மா, எனக்கு அடுத்த தேதி எப்போன்னு சொன்னாங்க?" என்று கேட்டார். அடுத்த தேதி கிடையாது என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கலிபோர்னியா கோர்ட்டுகளில் முன்கூட்டியே கேட்டால் மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஏற்பாடு செய்கிறார்கள். தமிழிலும் கேட்கலாம். அவருக்கு இதை யாரும் சொல்லவில்லை. எனக்கு ஆங்கிலம் இருந்தது, லீவு போட முடிந்தது, 230 டாலரை மாதக்கணக்கில் முன்பணமாக விட்டுவைக்கவும் முடிந்தது. அவருக்கு இந்த மூன்றுமே இல்லை.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். இந்த வழிமுறைகளைத் தமிழில் ஒரு பக்கமாகப் போடுங்கள், வழக்கறிஞர் ஒருவரிடம் சரிபார்த்துப் போடுங்கள். தமிழ்ச் சங்கங்களும் கோயில்களும் அதைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். எழுதித் தர நான் தயார்.

வருமானம் குறைந்தவர்கள் அபராதத்தைக் குறைக்கச் சொல்லி ஆன்லைனிலேயே மனுப் போடலாம். அந்தப் பெரியவருடைய மனுவை அன்று கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்து என் ஃபோனில் நிரப்பி அனுப்பினோம். பதில் இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பே ஏரியா, கலிபோர்னியா