நீர்ப்பிடிப்புப் பகுதிப் பாதுகாப்பு: உறுப்பினர் அமைப்புகளின் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். மலைச்சரிவு, ஓடை, வயல், நகரக் கழிவுநீர் என எல்லாம் ஒரே ஆற்றில் வந்து சேர்வதால், ஓர் அமைப்பு தன் எல்லைக்குள் எவ்வளவு நேர்த்தியாகப் பணியாற்றினாலும் மேல்பகுதியில் நேரும் ஒரு விபத்து அதை வீணாக்கிவிடும். 1986 நவம்பர் 1 அன்று சுவிட்சர்லாந்தின் பாசல் அருகே வேதிப்பொருள் கிடங்கு தீப்பிடித்தபோது, தீயணைத்த நீரோடு பூச்சிக்கொல்லிகள் ரைன் ஆற்றில் கலந்து, கீழ்ப்பகுதியில் சுமார் 400 கிலோமீட்டர் வரை விலாங்கு மீன்கள் மடிந்தன. ஐந்து நாடுகள் 1950இலேயே அமைத்திருந்த ரைன் பாதுகாப்பு ஆணையம் அதன் பின்னரே வேகம் பெற்றது. 1987இல் வகுக்கப்பட்ட செயல்திட்டத்தால் கழிவுகள் வெகுவாகக் குறைந்தன, அற்றுப்போயிருந்த சால்மன் மீன்களும் மீண்டும் விடப்பட்டுக் கிளையாறுகளில் இனம்பெருக்கத் தொடங்கின. அத்தகைய பேரிடருக்காக நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

எனவே, எல்லா அமைப்புகளும் நீர் மாதிரிகளை ஒரே நாளில், ஒரே முறையில் எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். கரைந்த ஆக்சிஜனையும் வெப்பநிலையையும் ஆற்றங்கரையிலேயே அளந்து குறிக்கவும். மாதிரி ஆய்வகத்தை அடைவதற்குள் அவை மாறிவிடும். அளவீடு எடுத்த இடத்தையும் நேரத்தையும் சேர்த்தே பதிவிடவும். மேல்பகுதி உறுப்பினர்கள் நிறமாற்றமோ மீன் இறப்போ கண்டால், காரணம் உறுதியாகும்வரை பொறுக்காமல் உடனே இங்கே தெரிவிக்க வேண்டும். கீழ்ப்பகுதியில் குடிநீர் எடுப்போருக்கு அந்தச் சில மணி நேர அவகாசமே பாதுகாப்பு.