குழுவிலிருந்து நீக்கப்பட்ட லஸ்கர்

ஐயா,

மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை வந்து, வெண்ணாற்றில் இறங்கி, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரியும். இதைப் பள்ளிப் பிள்ளையும் சொல்லும். எந்தக் கரையில் நண்டு வளை அதிகம், எந்த ஷட்டர் கடைசி நாலு சுற்றில் வழுக்கும் என்பது எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. 31 வருஷம் கரையில் நடந்த லஸ்கர் நான், அதாவது ஆற்றுக் கரையையும் ஷட்டரையும் கவனிக்கிற பாசன ஊழியர். எனக்கு அது நடந்து நடந்து வந்தது.

ஓய்வு பெற்ற அன்று மாலை, சால்வை எல்லாம் உண்டு. ராத்திரி பத்து மணிக்குள் எங்கள் பாசனப் பிரிவின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். விதி அப்படியாம். வருத்தமில்லை என்றால் பொய்.

போன ஐப்பசியில் நடுராத்திரி போன். புதிதாகச் சேர்ந்த தம்பி. "அண்ணே, கரைக்கு வெளியே வயல்ல தண்ணி கொப்பளிக்குது. குரூப்ல போட்டோ போட்டு முக்கால் மணி நேரமாச்சு. ரெண்டு பேர் கட்டைவிரல் காட்டியிருக்காங்க."

ஒற்றைப் பனைக்குக் கிழக்கே என்றார். எனக்குத் தூக்கம் போய்விட்டது. அங்கே கரைக்கு அடியில், நான் வேலைக்குச் சேரும் முன்பே கைவிட்ட மதகு ஒன்று புதைந்து கிடக்கிறது. தண்ணீர் அது வழியாகத்தான் வரும். ஆற்றுப் பக்கம் மட்டும் மணல் மூட்டை அடுக்கினால் நிற்காது. கொப்பளிக்கிற இடத்தைச் சுற்றி வயல் பக்கம் மூட்டையால் வளையம் கட்டு, உள்ளே தண்ணீர் ஏற ஏற வேகம் தணியும், மேலே ஷட்டரைப் பாதி இறக்கச் சொல் என்றேன். விடியற்காலையில் அடங்கியது.

சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகளிடம் சொன்னேன். அவள் ஜெராக்ஸ் கம்பெனி கதையைச் சொன்னாள். 1980களில் ஜூலியன் ஓர் என்ற மானிடவியலாளர், மெஷின் ரிப்பேர் செய்கிறவர்களோடு கூடவே சுற்றினாராம். கையேட்டில் இல்லாத பழுதை அவர்கள் ஒருவருக்கொருவர் கதை பேசித்தான் தீர்த்தார்கள். (எங்களுக்கு அப்படிப் பேசுகிற இடம் மூணாறு தலைப்பு டீக்கடை.) அப்புறம் கம்பெனி யுரேகா என்று ஒன்றை வைத்து, அவரவர் கண்ட வழியை எழுத விட்டது. மற்ற மெக்கானிக்குகள் சரிபார்த்த பிறகு, எழுதியவர் பெயரோடு வெளியிட்டது.

நாங்கள் எழுத மாட்டோம், பேசுவோம். ஒவ்வொரு மதகுக்கும் ஒரு குரல் பதிவு, சொன்னவர் பெயரோடு. காலை வணக்கப் படம் வராத தனிக் குழுவில் போட்டு வைக்கட்டும். என் பகுதியில் என்னோடு வேலை பார்த்தவர்களில் ஆறு பேர் இருக்கிறோம். இரண்டு பேருக்குக் காது கேட்காது, பேச்சு நன்றாகவே வரும். வழக்கமாக மேட்டூர் திறக்கிற ஜூன் 12-க்கு முன்னால் யாராவது பதிவு செய்ய வந்தால் நல்லது. என் நம்பர் அந்தத் தம்பியிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற லஸ்கர்,
திருவாரூர் மாவட்டம்.