அதே மொலாசஸ் வாசனை

பண்டபெர்க், ஆஸ்திரேலியா,
ஆகஸ்ட் 10

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? இங்கே கரும்பு அரவை மும்முரம். சாயங்காலம் வயலில் கரும்புச் சோகைக்குத் தீ வைக்கிறார்கள். காலையில் பார்த்தால் கொடியில் காயும் என் யூனிஃபார்ம் முழுக்கக் கரித்துகள். தட்டினால் இழுவிக்கொள்ளும், ஊதித்தான் விட வேண்டும்.

போன ஞாயிறு இந்த ஊர் ரம் ஆலையைச் சுற்றிப் பார்த்தேன். குடிக்கப் போகவில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். (உங்களுக்கு மட்டும்: கடைசியில் இரண்டு மடக்கு கொடுத்தார்கள்.) ஃபோனை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போனோம். சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகு, அந்த மொலாசஸ் கிடங்கு பக்கம் போனதும் நின்றுவிட்டேன். ஷிஃப்ட் முடிந்து வரும்போது உங்கள் காக்கிச் சட்டையில் அடிக்குமே, அதே வாசனை!

மொலாசஸை எங்கே தள்ளுவது என்று நீங்கள் புலம்புவீர்களே, 1880களில் இந்த ஊர்ச் சர்க்கரை ஆலைக்காரர்களுக்கும் அதே தலைவலிதான். கனத்த சரக்கு, ஏற்றி அனுப்பினால் கட்டுப்படியாகாது. சரி, காய்ச்சிவிடுவோம் என்று 1888இல் கம்பெனி தொடங்கி, மறு வருடமே ரம் இறக்கிவிட்டார்கள். மில்லாகுவின் சர்க்கரை ஆலை பக்கத்திலேயே இருந்தது வசதி. காய்ச்சியதை உடனே விற்க முடியாது. இரண்டு வருடமாவது மரப்பீப்பாயில் கிடக்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம்.

1907இல் ஆலை எரிந்தது. 1914 வரை உற்பத்தி இல்லை. 1936இல் மறுபடியும் தீ. ரம் பர்னெட் ஆற்றில் போய்க் கலந்ததாம். நான் பார்த்துக்கொள்ளும் முதியவர் ஒருவர், தன் அப்பா வாளியோடு ஆற்றுக்கு ஓடிய கதையை வாரம் ஒரு தடவை சொல்வார். வாளி வர வரப் பெரிதாகிக்கொண்டே போகிறது.

கரும்பை வெட்டியது யார் என்றுதானே கேட்பீர்கள்? பசிபிக் கடலில் இருக்கும் வனுவாட்டு, சாலமன் தீவுக்காரர்கள். 1863 முதல் 1904 வரை இந்தக் குயின்ஸ்லாந்து மாநிலத்துக்குச் சுமார் 62,000 பேரைக் கொண்டுவந்தார்கள். சிலர் விரும்பி வந்தார்கள், பலரை ஏமாற்றியும் கடத்தியும் ஏற்றினார்கள். அப்புறம், வெள்ளையர் மட்டும் போதும் என்று சட்டம் போட்டு, 1906 முதல் பெரும்பாலோரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வயலில் கிடந்த கருங்கற்களைப் பொறுக்கி அவர்கள் அடுக்கிய சுவர் கடற்கரைப் பக்கம் இன்னும் நிற்கிறது. சாந்தே கிடையாது. அசைத்துப் பார்த்தேன், ஒரு கல்லும் அசையவில்லை.

படம் வைத்திருக்கிறேன். பாட்டிலில் இருக்கும் வெள்ளைக் கரடியைத் தம்பி பையனுக்குக் காட்டுங்கள். என்ன பாட்டில் என்று சொல்ல வேண்டாம்.

உங்கள் அன்பு மகள்,
செல்வி