நாயகன் விலகி நின்றால் குறையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இளையோருக்கான மாயக்கதைகளைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, இரண்டாம் பாகம் பழைய நாயகனை விட்டுவிட்டு வேறொருவரைப் பின்தொடர்வதைப் பெருங்குறையாகச் சொல்லியிருந்தது. அதை ஏற்க என் மனம் ஒப்பவில்லை.

அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவினின் 'எர்த்ஸீ' நாவல் வரிசையையே எடுத்துக்கொள்வோம். 1968இல் வந்த முதல் நாவலில் கெட் என்னும் இளம் மந்திரவாதியோடு தீவு தீவாகச் சுற்றிய வாசகர், 1971இல் வந்த 'த டூம்ஸ் ஆஃப் அட்டுவான்' நாவலில் அவனை ஐந்தாம் அத்தியாயத்தில்தான் காண்கிறார். அதுவும் டெனார் என்ற பூசாரிப் பெண்ணின் கண்வழியே, கல்லறைக்குள் புகுந்த திருடனாக. வெளிச்சமே கூடாத நிலவறையில் சுவரைத் தடவி, திருப்பங்களை எண்ணி நடந்து பழகியவள், அங்கே ஓர் ஒளியைக் கண்டு திகைக்கிறாள். பிறகு கதவை அடைத்து அவனைச் சிறைவைக்கிறாள். அவன் யாரென்று நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. தாகத்தால் துவளும் அவனைச் சாகவிடுவதா, காப்பதா என்று அவள் தடுமாறும் பக்கங்களின் பதைப்பு முழுவதும் அதிலிருந்தே பிறக்கிறது. கெட்டே கதையை நடத்தியிருந்தால் அது கிட்டியிராது. முகப்போடு திரும்பிவிடுகிறவருக்கு எங்கள் செட்டிநாட்டு வீட்டின் இரண்டாங்கட்டு தெரியாததைப்போல, முதல் நாவலோடு நின்றவருக்கு அந்த உலகின் பெண்கள் பக்கம் தெரியாது. இறுதி அத்தியாயங்களில் டெனார் கெட்டின் பின்னே நடப்பவளாகிவிடுவது மட்டும் எனக்குச் சற்று ஏமாற்றமே.

இந்த உத்தி நமக்குப் புதிதுமன்று. கண்ணகியின் கதையைத் தொடரும் 'மணிமேகலை' மாதவியின் மகளைத்தானே நாயகியாக்கியது? தெய்வம் அவளை மணிபல்லவத்துக்குத் தூக்கிச் செல்கிறது, கையில் அமுதசுரபி வந்து சேர்கிறது, மந்திரத்தால் உருமாறுகிறாள், வானில் பறக்கிறாள். இளையோர் மாயக்கதைக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? கண்ணகியும் அதில் இல்லாமல் போகவில்லை. வஞ்சி நகரக் கோயிலில் படிமமாக நிற்கும் அவளிடம் மணிமேகலை கேள்வி எழுப்ப, மதுரையை எரித்த செயலுக்கு அவள் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் கதையின் தலைவியை இரண்டாம் கதையின் தலைவி விசாரிக்கும் அந்த இடத்தைக் கட்டுரையாளர் ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

இனி வரும் மதிப்புரைகளில், பழைய நாயகன் எத்தனை பக்கங்களில் வருகிறான் என்பதைவிட, புதிய பாத்திரத்தின் பார்வையில் அவன் எப்படி மாறித் தெரிகிறான் என்பதை எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தேவகோட்டை.