ஆர்க்கிட் வேருக்குக் காற்றும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஃபலனாப்சிஸ் என்ற ஆர்க்கிட் பூச்செடியை வாங்கும் பலர் அதைத் தோட்ட மண்ணில் நட்டு அழுகவிடுகிறார்கள். அது மரத்தில் தொற்றி வளரும் செடி. வேருக்கு ஈரத்தோடு காற்றும் வேண்டும். மரப்பட்டைத் துண்டுகளுடன் கொஞ்சம் அடுப்புக்கரி கலந்து, பக்கவாட்டிலும் துளையுள்ள தொட்டியில் நட வேண்டும். வேர் வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு வந்தால் தண்ணீர் ஊற்றலாம். பச்சையாக இருந்தால் காத்திருக்கணும். நடுக்குருத்தில் நீர் தேங்கினால் செடியே போய்விடும். பட்டை சுமார் 2 ஆண்டுகளில் மட்கிக் காற்றை அடைக்கும், அப்போது மாற்றுங்கள். அழுகிய வேரைத் தீயில் காட்டிய கத்தரியால் நறுக்கலாம்.

செடியோடு இதையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்க நர்சரிகளுக்கு என்ன கஷ்டம்? பூ உதிர்ந்ததும் செத்துவிட்டதென்று குப்பையில் போடுகிறவர்கள்தான் அதிகம். பச்சையாக நிற்கும் பூந்தண்டின் கணுவிலிருந்தே அது மறுபடி பூக்கக்கூடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்