அட்டிகஸை மறுபடி படித்தேன்

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் போன புதன்கிழமை வந்தது. பேத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் உடனே பஸ் ஏறிவிடலாமா என்று இருந்தது. இங்கே அவருக்கு இரண்டாவது கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. நாலு வேளை சொட்டு மருந்து, மற்றபடி சுகம்.

ஹார்ப்பர் லீயின் இரண்டாவது நாவல் 'கோ செட் எ வாட்ச்மேன்' படித்தாயா என்று மறுபடியும் கேட்டிருக்கிறாய். படித்துவிட்டேன். 2015 ஜூலையில் அது வெளிவந்தபோது இருவரும் தொடுவதில்லை என்று பேசிக்கொண்டோமே, நான்தான் வாக்குத் தவறினேன். முதல் நாவலான 'டு கில் எ மாக்கிங்பேர்ட்'டில் வரும் வெள்ளைக்கார வக்கீல் அட்டிகஸ் ஃபின்ச்சைப் பார்த்துத்தான் நீ சட்டம் படிக்கப் போனாய். பொய் வழக்கில் சிக்கிய கறுப்பின இளைஞன் டாம் ராபின்சனுக்காக அவர் வாதாடும் பக்கங்களை ஹாஸ்டல் மொட்டை மாடியில் சத்தமாகப் படிப்பாய். அதனால்தான் போனில் சொல்ல மனம் வரவில்லை, எழுதுகிறேன்.

அட்டிகஸின் மகள் ஸ்கவுட்டுக்கு இதில் 26 வயது. நியூயார்க்கிலிருந்து சொந்த ஊரான மேகோம்புக்கு லீவில் வருகிறாள். அட்டிகஸுக்கு 72, கை விரல்களில் மூட்டுவாதம். அப்பாவின் காகிதங்களுக்கு நடுவே கறுப்பின மக்களைக் கொள்ளைநோய் என்று சொல்லும் ஒரு துண்டுப் பிரசுரம் கிடக்கிறது. செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குகிற மாதிரி மூலையைப் பிடித்துக் கொண்டுபோய்க் குப்பையில் போடுகிறாள். அது உன் அப்பாவுடையதுதான் என்கிறாள் அத்தை. அப்புறம் கோர்ட்டுக்கு ஓடுகிறாள். அங்கே வெள்ளையர்களின் 'சிட்டிசன்ஸ் கவுன்சில்' கூட்டம். பள்ளிக்கூடங்களில் நிறப் பிரிவினை கூடாது என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதும், அதை எதிர்க்கத் தெற்கு மாநிலங்களில் முளைத்த அமைப்பு அது. வாய்க்கு வந்தபடி இனவெறி கக்கும் ஒருவனைக் கூட்டத்துக்கு அறிமுகப்படுத்திவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார் அட்டிகஸ். அவள் அதைப் பார்ப்பது எங்கிருந்து தெரியுமா? அதே பால்கனியிலிருந்து. முதல் புத்தகத்தில், வழக்கில் தோற்று அவர் வெளியேறும்போது மேலே இருந்த கறுப்பின மக்கள் அத்தனை பேரும் எழுந்து நிற்பார்களே, அந்த இடம். நீ அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது நாமும் எழுந்து நின்றிருக்கிறோம்.

அவர் வேறு அட்டிகஸ், இது முதல் வரைவு என்று நீ வாதாடுவாய். வரைவுதான். ஹார்ப்பர் லீ 1950களின் நடுவில் எழுதியது. சிறுமிப் பருவப் பகுதிகளை வைத்து மறுபடி எழுதச் சொன்னார் பதிப்பகத்தின் டே ஹோஹாஃப், அதிலிருந்துதான் 1960இல் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' வந்தது. வழக்கின் முடிவுகூட இதில் வேறு, அந்தக் கறுப்பின இளைஞன் விடுதலையாகிவிடுகிறான். நானும் இதைச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். சரி, முதல் புத்தகத்தில் என்னதான் இருக்கிறது என்று எடுத்தேன். கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலைப் பற்றி மகன் கேட்டபோது, அது 1920 வாக்கில் இருந்த அரசியல் அமைப்பு மாதிரி, போய்விட்டது என்கிறார். டாமைத் தூக்கிலிட வந்த கும்பலில் நின்ற கன்னிங்ஹாம் அடிப்படையில் நல்லவர், நம் எல்லோரையும் போல அவருக்கும் கண்ணுக்குத் தெரியாத சில இடங்கள் உண்டு என்கிறார். 'நம் எல்லோரையும் போல'. இந்த வரியை எத்தனை தடவை படித்திருப்போம், மாலதி! அவர் தன்னையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறார். எட்டு வயசு ஸ்கவுட்டின் காதால் கேட்டதால் நமக்கு அது பெருந்தன்மையாக மட்டும் பட்டது.

கூட்டத்தைவிட என்னை உலுக்கியது, ஃபின்ச் வீட்டில் சமைத்துக் குழந்தைகளை வளர்த்த கறுப்பினப் பெண் கல்பூர்ணியாவின் வீடுதான். அவள் பேரன் காரில் ஒருவரை மோதிக் கொன்றுவிடுகிறான். வெளியூரிலிருந்து கறுப்பின உரிமை அமைப்பின் வக்கீல்கள் வந்துவிடக் கூடாது என்பதற்காக வழக்கைத் தானே எடுக்கிறார் அட்டிகஸ். இது தெரியாமலே கல்பூர்ணியா நன்றி சொல்கிறாள். தான் வளர்த்த பெண்ணை வீட்டுக்கு வந்த வெள்ளைக்கார விருந்தாளி மாதிரி, வார்த்தைக்கு வார்த்தை மரியாதையோடு உட்கார வைக்கிறாள். எனக்கு என்ன செய்கிறாய் என்று ஸ்கவுட் அழ, நீங்கள் எல்லோரும் எங்களுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்கிறாள். எங்களை வெறுத்தாயா என்ற கேள்விக்கு வெகுநேரம் கழித்துத்தான் இல்லை என்று தலையசைக்கிறாள்.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். எங்கள் கொல்லைத் திண்ணையில் கவிழ்த்து வைத்திருந்த அலுமினிய டம்ளர் ஞாபகம் வந்தது. என் அப்பாவை உனக்குத் தெரியும். உனக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டியவர், எனக்கு இந்தப் புத்தகத்தை வாங்கித் தந்தவர். வண்டிக்காரரின் பட்டாவுக்காக மனு எழுதி, தாலுகா ஆபீசுக்கு நாலு தடவை நடந்தார். ஆனால் வண்டிக்காரருக்குக் காபி அந்த டம்ளரில்தான். குடித்துவிட்டு அவரே கழுவிக் கவிழ்ப்பார். ஒருநாள்கூட நான் ஏன் என்று கேட்டதில்லை. போன மாதம் ஒரு கல்யாணத்தில் அவருடைய மகளைப் பார்த்தேன். வங்கியில் வேலை, நல்ல பட்டுப்புடவை. என்னோடு பம்பரம் விட்டவள். 'வாங்க, சௌக்கியமா இருக்கீங்களா' என்று கை கூப்பினாள். அப்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

நாவலின் முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. சித்தப்பா ஜாக் அவளை ஓங்கி அறைந்து, அப்பாவைக் கடவுளாக்கியது உன் தப்பு என்று புரிய வைக்கிறார். அவளும் சமாதானமாகி அப்பாவைக் காரில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். அவரை மனிதராகப் பார்க்க வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கூட்டத்தை மன்னிக்க வேண்டியவள் மகள்தானா? கல்பூர்ணியாவை அதற்கப்புறம் அவள் போய்ப் பார்க்கவே இல்லை. வண்டிக்காரரின் மகளிடம் என்ன பேசுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நம்பர் மட்டும் வாங்கி வைத்திருக்கிறேன்.

தை பிறந்ததும் வா. இரண்டு புத்தகத்தையும் எடுத்து வைக்கிறேன். கல்பூர்ணியா வீட்டு அத்தியாயத்தை முதலில் நீ படித்துக் காட்டு, அப்புறம் அட்டிகஸுக்காக வாதாடு.

அன்புடன்,
சாரதா